முதல் பக்கம் யாருக்கு?

கூகுள் தேடலில் மேலே ஏறும் வழிகளும், குறுக்கு வழியில் ஏறியவர்கள் விழுந்த கதைகளும்

2010-ம் ஆண்டின் கடைசி மாதங்கள். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வியாபாரம் களைகட்டியிருந்தது. அங்கே கூகுளில் ஆடை என்று தேடினாலும், படுக்கை விரிப்பு என்று தேடினாலும், தரைவிரிப்பு என்று தேடினாலும் முதலில் வந்து நின்றது ஒரே பெயர்தான்: ஜே.சி.பென்னி. 1902-ல் தொடங்கிய பழம்பெரும் கடை அது. சாம்சோனைட் கைப்பெட்டியைப் பெயர் சொல்லித் தேடியபோதுகூட, சாம்சோனைட்டின் சொந்தத் தளத்தை முந்திக்கொண்டு பென்னி நின்றது.

‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழுக்கு இது உறுத்தியது. தேடல் நிபுணர் ஒருவரை வைத்துத் துருவியதில் குட்டு வெளிப்பட்டது. ‘மாலை நேர உடை’, ‘கறுப்பு உடை’ என்பது போன்ற சொற்களில் பென்னிக்கு லிங்க் கொடுத்திருந்த 2,015 பக்கங்கள் சிக்கின. சூதாட்டத் தளம், பல்கேரியாவில் வீடு விற்கும் தளம், அணுப் பொறியியல் தளம் என்று துணிக்குத் துளியும் சம்பந்தமில்லாத இடங்கள். பல தளங்கள் ஆளில்லாமல் கைவிடப்பட்டவை. அவற்றின் மூலையில் மொட்டையாக இரண்டு சொல் இருக்கும். தொட்டால் பென்னியின் ஆடைப் பக்கம் திறக்கும்.

விஷயம் கூகுளின் காதுக்குப் போனது. 2011 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மாலை 7 மணிக்கு, சாம்சோனைட் கைப்பெட்டித் தேடலில் பென்னி முதலிடத்தில் இருந்தது. 9 மணிக்குப் பார்த்தால் 71-வது இடம். ‘எங்களுக்குத் தெரியாமல் நடந்தது’ என்றது பென்னி. அந்த வேலையைக் கவனித்துவந்த ஆலோசனை நிறுவனம் வெளியேற்றப்பட்டது.

அந்த வேலைக்குப் பெயர் எஸ்.இ.ஓ. தேடுபொறியில் நம் தளம் மேலே தெரியும்படி அதைச் சீர்படுத்துவது. இன்று வெப்சைட் வைத்திருக்கும் எவருக்கும் போன் வருகிறது. ‘கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறோம் சார், கேரண்டி’ என்று எதிர்முனையில் பேசுகிறார்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது. விளம்பரம் என்று குறிக்கப்பட்ட இடங்களைக் காசு கொடுத்து வாங்கலாம். அதற்குக் கீழே வரும் இயல்பான முடிவுகளில் இடம் விற்பனைக்கு இல்லை.

அப்படியானால் எஸ்.இ.ஓ. வெறும் ஏமாற்றா? இல்லை. அதில் உழைப்பு இருக்கிறது, பலனும் இருக்கிறது. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் எந்திரத்தை ஏமாற்றும் வித்தைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. தேடி வருபவருக்கு உருப்படியான பதிலை வைத்து, எந்திரம் அதைச் சிக்கலில்லாமல் படிக்க வழி செய்த தளங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. அதற்குத் தேவையான வேலைகளில் பெரும்பகுதியை ஒரு சின்ன வியாபாரியே செய்துகொள்ளலாம்.

எந்திரம் எப்படிப் படிக்கிறது?

நாம் தேடும்போது கூகுள் அந்த நிமிடத்தில் இணையம் முழுக்க ஓடிப் பார்ப்பதில்லை. ‘கூகுள்பாட்’ என்ற நிரல் லிங்க்குகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக முன்பே போய்வருகிறது. படித்ததைத் தன் அட்டவணையில் ஏற்றிவைக்கிறது. பல நூறு பில்லியன் பக்கங்கள், 10 கோடி ஜிகாபைட்டுக்கு மேல் என்பது அந்த அட்டவணையைப் பற்றி கூகுள் சொல்லும் கணக்கு. நாம் தேடும்போது அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துகிறது. போய்ப் படிப்பது, ஏற்றிவைப்பது, வரிசைப்படுத்துவது என்று மூன்று படிகள். இவற்றில் எதில் தடுக்கினாலும் உங்கள் தளம் கண்ணில் படாது.

1990-களின் தேடுபொறிகள் பக்கத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதையே பெரிதாக நம்பின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1996-ல் ‘பேக்ரப்’ என்ற தேடுபொறியைக் கட்டியபோது வேறு ஒன்றைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதைவிட, மற்ற பக்கங்கள் அதற்கு லிங்க் கொடுக்கின்றனவா என்பது முக்கியம். மாப்பிள்ளை விசாரிக்கப் போனால் டீக்கடையில் நிற்கும் பத்துப் பேர் சொல்வதைவிட, ஊர் மதிக்கும் ஒரு வாத்தியார் சொல்லுக்கு எடை கூடுதல் அல்லவா? அதே கணக்குதான். மதிப்புள்ள தளம் கொடுக்கும் ஒரு லிங்க், உதவாக்கரைத் தளங்கள் கொடுக்கும் நூறைவிட மேல். இந்த முறைக்குப் பேஜின் பெயரையே வைத்து ‘பேஜ்ரேங்க்’ என்றார்கள். 1998 செப்டம்பரில் கூகுள் நிறுவனமாகப் பதிவானது.

இன்று லிங்க் என்பது பல அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. 2019-ல் கூகுள் தேடலுக்கு வந்த ‘பெர்ட்’ என்ற மொழி மாதிரி, சொற்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் வாக்கியத்தின் போக்கோடு சேர்த்துப் புரிந்துகொள்ள எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தது. மக்கள் எதைக் கிளிக் செய்கிறார்கள் என்பதை கூகுள் கணக்கில் எடுக்கிறதா என்ற நெடுநாள் விவாதத்துக்கு, கூகுள் மீது அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கு விடை சொன்னது. கிளிக் தரவுகளைப் பயன்படுத்தும் ‘நேவ்பூஸ்ட்’ என்ற அமைப்பு இருப்பதையும், அது 13 மாதத் தரவைப் பார்ப்பதையும் கூகுளின் துணைத் தலைவர் பாண்டு நாயக் 2023-ல் நீதிமன்ற சாட்சியத்தில் சொன்னார். கிளிக் செய்தவர் சட்டென்று திரும்பி ஓடிவந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

வித்தைகள் செத்த வரலாறு

முதல் வித்தை, சொல்லைத் திணிப்பது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதிவைப்பார்கள். வாசகருக்குத் தெரியாது, எந்திரத்துக்குத் தெரியும். பக்கத்தின் நிரலுக்குள் ‘கீவேர்ட்ஸ்’ என்று ஒரு வரி எழுதும் பழக்கமும் இருந்தது. அந்த வரியைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அதை நிரப்பித் தருவதற்கு இன்றும் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, எந்திரத்துக்கு ஒரு முகம், மனிதருக்கு ஒரு முகம். ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. தளம் ‘பழைய கார்’ என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லை அடுக்கிய பக்கங்களை எந்திரத்துக்குக் காட்டியது. மனிதர் கிளிக் செய்தால் வேறு பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. 2006 பிப்ரவரியில் கூகுள் அந்தத் தளத்தைத் தன் அட்டவணையிலிருந்தே தூக்கியது. கம்பெனி எவ்வளவு பெரியது என்பதை அங்கே யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது, மலிவுக் கட்டுரைத் தொழிற்சாலை. மக்கள் என்ன தேடுகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொரு தேடலுக்கும் அவசரத்தில் ஒரு கட்டுரை எழுதிக் குவிப்பது. 2011 பிப்ரவரியில் வந்த ‘பாண்டா’ மாற்றம் இதன் மீது விழுந்தது. மிருகக்காட்சிசாலைப் பாண்டாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நவ்நீத் பாண்டா என்ற கூகுள் பொறியாளரின் பெயர் அது. அமெரிக்கத் தேடல்களில் கிட்டத்தட்ட 12 சதவீதத்தை அந்த ஒரே மாற்றம் புரட்டிப்போட்டது.

நான்காவது, பென்னி செய்த லிங்க் வியாபாரம். 2012 ஏப்ரலில் வந்த ‘பென்குயின்’ மாற்றம், விலைக்கு வாங்கிய லிங்க்குகளை எந்திரமே மோப்பம் பிடிக்கும்படி செய்தது. 

கடைசியாக, செயற்கை நுண்ணறிவை வைத்து ஆயிரக்கணக்கில் பக்கங்களைப் பொரித்துத் தள்ளும் புதிய வித்தை. 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளைத் திருத்தியது. தேடலில் மேலே வருவதற்காகவே மொத்தமாகத் தயாரித்துக் கொட்டும் பக்கங்கள், எழுதியது மனிதரானாலும் எந்திரமானாலும், விதிமீறல் என்றது. பழைய நல்ல பெயருள்ள, காலாவதியான முகவரியை வாங்கி அதில் குப்பையை ஏற்றுவதும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஏ.ஐ. உதவியோடு எழுதுவதே குற்றம் என்று கூகுள் சொல்லவில்லை. படிப்பவருக்கு எதுவும் தராத பக்கம்தான் குற்றம்.

தேடுபவர் என்ன கேட்கிறார்?

எஸ்.இ.ஓ. வேலையின் முதல் படி கம்ப்யூட்டரில் தொடங்குவதில்லை. வாடிக்கையாளரின் வாயில் தொடங்குகிறது.

கோயம்புத்தூரில் ஒருவர் வெட் கிரைண்டர் செய்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற பொருள், ஊருக்கே பெயர் வாங்கித் தந்த தொழில். அவருடைய தளத்தின் முகப்பில் ‘மூன்று தலைமுறைப் பாரம்பரியம், தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று எழுதியிருக்கிறது. இதை யாராவது தேடுவார்களா? மக்கள் தேடுவது ‘2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் விலை’, ‘ஹோட்டலுக்கு டில்டிங் கிரைண்டர்’, ‘கிரைண்டர் கல் சத்தம் வருது என்ன செய்ய’, ‘மிக்ஸியா கிரைண்டரா, உளுந்து மாவு எதில் நல்லா காணும்’. இந்தக் கேள்விகள் எல்லாம் அவர் கடைக்குப் போன் செய்பவர்கள் தினமும் கேட்பவைதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வேண்டும். அந்தப் பக்கத்தில் நேரான பதில் வேண்டும்.

கேள்விகளைப் பிடிக்கக் காசில்லாத கருவிகள் நிறைய. தேடல் பெட்டியில் பாதி தட்டியதுமே கூகுள் மீதியை எடுத்துக் கொடுக்கிறதே, அது மக்கள் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருவது. முடிவுகளுக்கு நடுவே வரும் ‘மற்றவர்கள் கேட்டவை’ பெட்டி இன்னொரு சுரங்கம். எந்தச் சொல் எந்த மாதத்தில், எந்த மாநிலத்தில் சூடு பிடிக்கிறது என்பதை ‘கூகுள் ட்ரெண்ட்ஸ்’ காட்டும்.

கேள்விக்குப் பின்னால் இருக்கும் நோக்கத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘கிரைண்டர் கல் சத்தம்’ என்று தேடுபவர் புதிதாக வாங்க வரவில்லை, பழுது பார்க்க வந்திருக்கிறார். அவரிடம் புது மாடல் விலைப்பட்டியலை நீட்டினால் ஓடிவிடுவார். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, குழவிக் கல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் முறையைப் படத்தோடு சொன்னால் நின்று படிப்பார். அடுத்த கிரைண்டர் வாங்கும்போது அந்தப் பெயர் நினைவிருக்கும்.

தினமும் தன்னிடம் வரும் தேடல்களில் 15 சதவீதம் அதற்கு முன் யாருமே தேடாதவை என்று கூகுள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஆகவே ‘கிரைண்டர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கு நிற்பதைவிட, நீளமான, குறிப்பான கேள்விகளுக்குப் பதில் வைப்பது சிறியவர்களுக்குக் கைகூடும் வழி.

பக்கத்தை எப்படி அமைப்பது?

டைட்டில்தான் முதல் வாசல். தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அதுவே. நம் ஊர்த் தளங்கள் பலவற்றில் அங்கே ‘முகப்பு’ என்றோ வெறும் கம்பெனிப் பெயரோதான் இருக்கும். ‘ஹோட்டலுக்கு டில்டிங் கிரைண்டர்: 5 முதல் 10 லிட்டர், விலை, சர்வீஸ் விவரம்’ என்று எழுதினால் தேடுபவருக்கும் புரியும், எந்திரத்துக்கும் புரியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி டைட்டில் வேண்டும்.

அதன் கீழே இரண்டு வரியில் வரும் சுருக்கம் தரவரிசையை உயர்த்தாது. ஆனால் கிளிக் செய்வதா வேண்டாமா என்று வாசகர் முடிவு செய்வது அதைப் பார்த்துத்தான். அதையும் கையால் எழுதுங்கள். சில நேரம் கூகுள் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து வேறு வரியை எடுத்துக்கொள்ளும், பரவாயில்லை.

பக்கத்துக்குள் தலைப்பு, உள்தலைப்பு என்று முறையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன படம் என்று ஒரு வரி விளக்கம் கொடுங்கள். பார்வையற்றவர்களின் கருவிகள் வாசித்துச் சொல்வதும் அந்த வரியைத்தான், எந்திரம் படத்தைப் புரிந்துகொள்ள உதவுவதும் அதுதான். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள். ‘இங்கே கிளிக் செய்க’ என்பதற்குப் பதிலாக ‘கிரைண்டர் பெல்ட் மாற்றும் முறை’ என்று அந்தச் சொற்களிலேயே லிங்க் இருக்கட்டும்.

எழுதியது யார் என்பதும் கணக்கில் வருகிறது. கூகுளுக்காகத் தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடும் பணியில் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் மதிப்பெண் எந்த ஒரு தளத்தின் இடத்தையும் நேரடியாக மாற்றாது. முறை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க மட்டும் உதவும். அவர்களுக்கான கையேட்டில் நிபுணத்துவம், அதிகாரம், நம்பகம் என்று மூன்று அளவுகோல்கள் இருந்தன. 2022 டிசம்பரில் நான்காவதாக அனுபவம் சேர்ந்தது. சொந்தக் கையால் செய்து பார்த்தவர் எழுதியது என்று பக்கம் காட்ட வேண்டும். மருந்து, பணம், சட்டம் போன்ற விஷயங்களில் இந்தக் கறார் இன்னும் அதிகம்.

கதவு திறந்திருக்கிறதா?

எவ்வளவு நன்றாக எழுதினாலும் எந்திரம் உள்ளே வர முடியாவிட்டால் பயனில்லை. முதல் சோதனை சுலபம். கூகுள் தேடல் பெட்டியில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். பக்கங்கள் வரிசையாக வந்தால் சரி. ஒன்றுமே வராவிட்டால் எங்கோ கதவு பூட்டியிருக்கிறது.

அடிக்கடி நடக்கும் கோளாறு இது: தளம் கட்டுமானத்தில் இருக்கும்போது தேடுபொறிகள் உள்ளே வர வேண்டாம் என்று வடிவமைப்பாளர் ஒரு டிக் போட்டுவைப்பார். வேர்ட்பிரஸ்ஸில் இதற்கென்றே ஒரு பெட்டி உண்டு. தளம் திறந்த பிறகு அதை எடுக்க மறந்துவிடுவார். மாதக்கணக்கில் தளம் யார் கண்ணிலும் படாது. எந்திரம் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ‘ரோபாட்ஸ்’ கோப்பில் தவறான ஒரு வரி இருந்தாலும் எந்திரத்தால் பக்கங்களைப் படிக்க முடியாது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ‘கூகுள் சர்ச் கன்சோல்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. தளம் உங்களுடையதுதான் என்று உறுதி செய்துவிட்டால் எந்தப் பக்கம் அட்டவணையில் ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை, ஏன் ஏறவில்லை, எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் தளம் எத்தனையாவது இடத்தில் தெரிந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று எல்லாம் சொல்லும். தளத்தின் எல்லாப் பக்கங்களையும் பட்டியலிடும் ‘சைட்மேப்’ கோப்பையும் அங்கேயே கொடுக்கலாம். எஸ்.இ.ஓ. ஆட்கள் அறிக்கை என்று கொடுப்பதில் பாதி இதிலிருந்து எடுத்ததுதான்.

அடுத்தது மொபைல். 2016-ல் அறிவித்து 2023-ல் முடித்த மாற்றத்தின்படி, கூகுள் உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது. கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்து, போனில் பாதி விவரம் மறைந்தால் மறைந்த பாதி கணக்கில் வராது. வேகத்துக்கும் அளவுகோல் உண்டு: முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். விரலால் தொட்டால் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அசைய வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போது விளம்பரம் ஏறி வரி கீழே குதிக்கக் கூடாது. ‘பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ்’ என்ற பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் உங்கள் தளம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி, கேமராவில் எடுத்தபடியே சுருக்காமல் ஏற்றிய படங்கள்.

தளத்தை மாற்றிக் கட்டும்போது பழைய முகவரிகளைத் தூக்கி எறியாதீர்கள். பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாட்டை, ‘301’ என்பார்கள், செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் சேர்த்த லிங்க்குகளும் நற்பெயரும் ஒரே நாளில் வீணாகும்.

தமிழ்த் தளங்களின் தனிக் கவலை

தமிழ் இணையத்துக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. யூனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீடு பரவலாவதற்கு முன் ஒவ்வொரு பத்திரிகையும் அலுவலகமும் தனித்தனி எழுத்துருவில் தளம் நடத்தின. திரையில் தமிழாகத் தெரிந்தது, உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. தமிழக அரசு 2010-ல், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான பி.டி.எஃப். கோப்புகள் இன்னும் தளங்களில் கிடக்கின்றன. சோதிப்பது எளிது: ஒரு வரியை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். கண்டபடி ஆங்கில எழுத்துகளாக வந்தால் கூகுளுக்கும் அப்படித்தான் தெரிகிறது. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னொரு பழக்கம், செய்தியைப் படமாகப் போடுவது. கோயில் திருவிழா அழைப்பிதழ், கல்லூரிச் சேர்க்கை அறிவிப்பு, ஹோட்டல் மெனு எல்லாமே வண்ண போஸ்டராக ஏறுகின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தை எந்திரம் படிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். போஸ்டர் இருக்கட்டும். அதிலுள்ள தேதி, இடம், விலையைக் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள்.

தமிழர் தேடும் விதமும் ஒரே மாதிரி இல்லை. ஒருவர் தமிழில் அடிப்பார், ஒருவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார், ஒருவர் ஆங்கிலத்திலேயே கேட்பார். கோவை, கோயம்புத்தூர், கோயமுத்தூர் எல்லாம் ஓர் ஊர்தான். 2017 ஆகஸ்டில் தமிழில் பேசித் தேடும் வசதி வந்த பிறகு ‘பக்கத்துல நல்ல பல் டாக்டர் யாரு’ என்று முழு வாக்கியமாகவே கேட்கிறார்கள். இதற்காக எல்லா வடிவங்களையும் ஒரே பத்தியில் திணித்தால் பழைய வித்தையாகிவிடும். எழுத்தின் போக்கில் இயல்பாக இரண்டு மூன்று வடிவங்கள் வந்தால் போதும். வாடிக்கையாளர் இரு மொழியிலும் இருந்தால் தமிழுக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியே எழுதி, இரண்டையும் இணையுங்கள்.

இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் எழுதப் போட்டி அதிகம். தமிழில் பயிர் நோய், பட்டா மாறுதல், பி.எஃப். பணம் எடுப்பது போன்ற நடைமுறைக் கேள்விகளுக்குத் தெளிவாக, சரியாக எழுதிய பக்கங்கள் குறைவு. 2018-ல் கூகுளின் ‘ஆட்சென்ஸ்’ விளம்பரம் தமிழ்த் தளங்களுக்கும் கிடைத்த பிறகு எழுத்து பெருகியது உண்மை. ஒருவர் எழுதியதை மற்றவர் நகலெடுப்பதும் சேர்ந்தே பெருகியது. விஷயம் தெரிந்தவர் சொந்தமாக எழுதினால் அவருக்கு இடம் காலியாகத்தான் இருக்கிறது.

பக்கத்துத் தெரு வாடிக்கையாளர்

டெய்லர் கடை, கிளினிக், மெஸ், மெக்கானிக் ஷெட் போன்ற உள்ளூர்த் தொழில்களுக்கு வெப்சைட்டைவிட முக்கியமானது ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’. மேப்பில் கடை தெரிவது இதனால்தான். கட்டணம் கிடையாது. தேடியதற்குக் கடை எவ்வளவு பொருத்தம், தேடுபவருக்கு எவ்வளவு பக்கம், எவ்வளவு பெயர் பெற்றது என்ற மூன்றையும் பார்த்து இங்கே வரிசை அமைகிறது.

தூரத்தை மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில். தொழிலின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் நேரம், விடுமுறை நாள், போன் எண் ஆகியவற்றை அவ்வப்போது சரிபாருங்கள். பொங்கலன்று கடை மூடியிருக்கும்போது ‘திறந்திருக்கிறது’ என்று காட்டினால் அலைந்து திரும்பியவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் போவார். கடையின் பெயரோடு ‘மதுரையில் சிறந்த’ என்றெல்லாம் ஒட்டவைப்பது விதிமீறல், பலகையில் இருக்கும் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். உண்மையான வாடிக்கையாளரிடம் கருத்து எழுதச் சொல்லிக் கேட்கலாம். காசுக்கு நட்சத்திரம் வாங்கினால் கணக்கே முடங்கலாம். திட்டி எழுதியவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதுங்கள், அடுத்து வருபவர் அதைப் படிப்பார்.

கிளிக் இல்லாத தேடல்

நேர்மையாக எல்லாம் செய்தாலும் ஆட்டத்தின் விதிகளை எழுதுவது ஒரே நிறுவனம் என்பதை மறக்கக் கூடாது. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடலையே முன்னிறுத்த, 2021-ல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அந்த வழக்கில் வெளிவந்த கணக்கு.

இப்போது விதி மறுபடி மாறுகிறது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை தலைமையிலான கூகுள், 2024 மே மாதம் அமெரிக்காவில் ‘ஏ.ஐ. ஓவர்வியூ’ என்ற வசதியைத் திறந்தது. ஆகஸ்டில் அது இந்தியாவுக்கும் வந்தது. பல தளங்களில் படித்ததைத் தொகுத்து எந்திரமே மேலே பதில் சொல்லிவிடுகிறது. பதில் கிடைத்தவர் எதற்குக் கீழே போய்க் கிளிக் செய்யப்போகிறார்? பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் அமெரிக்கர்கள் 900 பேரின் தேடல்களைப் பார்த்தது. ஏ.ஐ. சுருக்கம் வந்தபோது 8 சதவீதத் தேடல்களில்தான் வழக்கமான முடிவைக் கிளிக் செய்தார்கள். சுருக்கம் வராதபோது அது 15 சதவீதம்.

உடனே சந்தையில் புதுச் சரக்கு வந்துவிட்டது. ‘ஏ.ஐ. பதிலில் உங்கள் பெயரை வரவைக்கிறோம்’ என்று விற்கிறார்கள். அதற்கென்று தனி வித்தை எதுவும் தேவையில்லை, வழக்கமான தேடலுக்குச் செய்வதே போதும் என்கிறது கூகுளின் வழிகாட்டி. நடைமுறையில் பார்த்தால், எங்கும் கிடைக்கும் பொதுத் தகவலை மறுபடி எழுதுபவருக்குத்தான் அடி. சொந்த அனுபவம், சொந்தப் படம், சொந்த விலைப்பட்டியல், உள்ளூர் விவரம் வைத்திருப்பவரிடம் எந்திரமும் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்க நினைப்பவரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். கூடவே கூகுளை மட்டும் நம்பியிருக்காமல் வாட்ஸ்அப், யூடியூப், நேரடி வாடிக்கையாளர் பட்டியல் என்று வேறு வழிகளையும் வளர்ப்பது புத்திசாலித்தனம்.

காசு கொடுப்பதற்கு முன்

எஸ்.இ.ஓ. ஆளுக்கு மாதப் பணம் கட்டுவதற்கு முன் நீங்களே முடிக்கக்கூடிய வேலைகள்:

- தளம் அட்டவணையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.
- சர்ச் கன்சோலைத் திறந்து தளத்தை உங்கள் பெயரில் உறுதி செய்யுங்கள். வடிவமைத்தவர் பெயரில் வேண்டாம்.
- பிசினஸ் புரொஃபைலைச் சரிசெய்யுங்கள்.
- வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்கும் பத்துக் கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வையுங்கள்.
- எல்லாப் பக்கங்களின் டைட்டிலையும் திருத்துங்கள்.
- போனில் தளத்தைத் திறந்து வேகம் பாருங்கள், படங்களைச் சுருக்குங்கள்.
- போஸ்டரில் இருப்பதை எழுத்தாக மாற்றுங்கள்.

இதன் பிறகும் ஆள் தேவைப்படலாம். பெரிய கடைத் தளங்களுக்கும் செய்தித் தளங்களுக்கும் தேவைப்படும், நல்ல எஸ்.இ.ஓ. வல்லுநர்கள் வாங்கும் காசுக்கு வேலை செய்கிறார்கள். நல்ல ஆளைப் பிடித்தாலும் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்பது கூகுள் தரப்பே சொன்ன கணக்கு. ஒரே வாரத்தில் முதலிடம் என்பவரை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மற்றவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் தளத்தில் என்ன மாற்றப் போகிறீர்கள்? லிங்க் எங்கிருந்து வரும்? வேலை முடிந்தால் கணக்குகளின் சாவி யாரிடம் இருக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் செய்யும் தவறுக்குத் தண்டனை வரும்போது தரவரிசையில் விழப்போவது அவருடைய தளம் இல்லை, உங்களுடையது.